யாருக்கு, எங்கே, எந்த வழியில்: எழுத உட்காருபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கட்டுரை, வழிகாட்டி, ஒலியுரை, மின்மடல், தொடர் என்று ஏதாவது ஒன்றை எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பலவானாலும் அவற்றுக்கு அடியில் இருக்கும் எண்ணம் ஒன்றுதான். வாசகர் யார் என்று யோசிப்பது பாதி வேலை. அவர் எந்த வழியாக, எந்த நிலையில் நம் எழுத்துக்கு வந்து சேர்கிறார் என்று யோசிப்பது மறுபாதி. பெரும்பாலும் விடுபட்டுப்போவது அந்த மறுபாதிதான்.

முதலில் எழுதிவிட்டு, எங்கே வெளியிடுவது என்று அப்புறம் முடிவு செய்யக் கூடாதா?

உங்களுக்கே தெளிவு வேண்டி எழுதும் முதல் வரைவு என்றால் தாராளமாகச் செய்யலாம். அந்த வரைவுக்கு வாசகர் நீங்கள்தான். அதற்கு மேல் போனால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

வெளியிடும் இடம் நீளத்தை மட்டும் தீர்மானிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது திருத்தும் வாய்ப்பையும் தீர்மானிக்கிறது. அச்சில் போனது போனதுதான். இணையப் பக்கத்தில் நாளைக்கே ஓர் எண்ணை மாற்றலாம். ஒலிப்பதிவில் அந்த எண்ணை மாற்ற, அந்தப் பகுதியையே மறுபடி பேசிப் பதிய வேண்டும். ஆகவே மாதத்துக்கு ஒருமுறை மாறக்கூடிய விவரம் ஒன்று உங்கள் பொருளில் இருந்தால், பக்கத்தில் அதை நடுவிலேயே வைக்கலாம். ஒலியில் தனியே வெட்டி எடுக்கும்படி ஒரு பத்தியாக ஒதுக்க வேண்டும். அச்சில் அது எந்தத் தேதி நிலவரம் என்று சொல்லியே ஆக வேண்டும். இதெல்லாம் பத்திகளின் அமைப்பையே மாற்றும் முடிவுகள். எழுதி முடித்தபின் வந்தால் பாதியைப் பிரித்துக் கட்ட வேண்டியிருக்கும்.

எல்லோருக்கும் புரியும்படி எழுதினால் இந்தக் கவலையே இல்லையே?

எல்லோரையும் மனத்தில் வைத்து எழுதிய பக்கத்தை எனக்கு உடனே அடையாளம் தெரியும். தெரிந்தவருக்கு அதில் விளக்கம் மிகுதி, தெரியாதவருக்குக் குறைவு. இருவருமே மூன்றாம் பத்தியில் விலகிவிடுவார்கள்.

வயது, படிப்பு, தொழில் என்று வாசகரை வகைபிரிப்பதும் பெரிதாக உதவாது. அதைவிட மூன்று கேள்விகள் பயன்படும். இவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும்? படித்து முடித்ததும் என்ன செய்யப் போகிறார்? எந்த இடத்தில் என்மேல் நம்பிக்கை இழப்பார்? மூன்றாவது கேள்வியைத்தான் நான் அதிகம் மதிக்கிறேன். துறை அறிந்தவர் ஒரு தவறான கலைச்சொல்லைப் பார்த்ததும் நம்பிக்கை இழப்பார். புதிதாக வந்தவர் விளக்காமல் விட்ட ஒரு சுருக்கத்தைப் பார்த்ததும் தன்மேலேயே நம்பிக்கை இழப்பார். இரண்டாவது இழப்பு வருத்தம் தருவது. அவர் திரும்பி வந்து உங்களிடம் சொல்லப்போவதும் இல்லை.

வாசகரைத் தெரிந்துகொண்டால் போதாதா? வந்து சேரும் வழி எதற்கு?

ஒரே மனிதர்தான். காலையில் ஒரு கோளாறைச் சரிசெய்ய வழி தேடி உங்கள் பக்கத்துக்கு வருகிறார். மாலையில் அவருக்கே நண்பர் ஒருவர் உங்கள் கட்டுரையை அனுப்புகிறார். இரவு தூங்கப்போகும் முன், வாராவாரம் காத்திருந்து படிக்கும் உங்கள் தொடரைத் திறக்கிறார். அவருடைய அறிவோ ரசனையோ ஒரு நாளில் மாறவில்லை. மூன்று வேளையும் அவர் உங்களுக்குத் தரும் பொறுமை மட்டும் வெவ்வேறு.

தேடி வருபவருக்குத் தேவை பதில். அது முதல் திரையிலேயே கிடைக்க வேண்டும். காரணமும் வரலாறும் பின்னால் வரட்டும். அவர் பக்கத்தின் நடுவில் வந்து இறங்கக்கூடும் என்பதால் ஒவ்வொரு உட்தலைப்பும் தனித்து நின்று பொருள் தர வேண்டும். 'மேலே சொன்னபடி' என்ற தொடர் அவரிடம் எடுபடாது. மேலே உள்ளதை அவர் பார்க்கவே இல்லை.

அனுப்பப்பட்டு வருபவர், அனுப்பியவர்மேல் உள்ள மரியாதையால் திறந்து பார்க்கிறார். உங்களை அவருக்குத் தெரியாது. இதைப் படிப்பதால் தனக்கு என்ன என்பது இரண்டு மூன்று வரிகளில் தெரியாவிட்டால் மூடிவிடுவார்.

காத்திருந்து படிப்பவரிடம்தான் சுற்றி வளைத்துச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. ஆனால் அவர் போன வாரம் சொன்னதை நினைவில் வைத்திருப்பார், முரண்பட்டால் பிடித்துவிடுவார்.

கடமைக்காகப் படிப்பவர் ஒருவரும் இருக்கிறார்: அலுவலகச் சுற்றறிக்கை, விதிமுறை, படிவக் குறிப்பு ஆகியவற்றின் வாசகர். அவர் நடுவில் விட்டுவிட்டுப் போக முடியாதவர். அந்தக் காரணத்துக்காகவே அவருடைய நேரத்தை வீணாக்காமல் எழுதுவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

இது இணையம் கொண்டுவந்த சிக்கல்தானே?

13-ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரப் பகுதியை, அதாவது முன்னுரையைப் பாருங்கள். ஒரு நூலின் சிறப்புப் பாயிரம் காட்ட வேண்டிய எட்டுச் செய்திகளில் 'கேட்போர்' ஒன்று. அடுத்த நூற்பா காலம், களன், காரணம் ஆகிய மூன்றையும் சேர்த்துச் சொல்பவர்களும் உண்டு என்கிறது. களன் என்பது நூல் அரங்கேறிய அவை. ஆக, ஒரு நூலை அறிமுகப்படுத்தும்போது ஆக்கியவர் பெயரோடு, அது யாருக்கானது, எங்கே வெளிப்பட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும் என்ற நினைப்பு நம் மரபில் பழையது.

வெளியீட்டு முறை ஒரு வடிவத்தையே உண்டாக்கி, பின் அழித்ததற்கு இங்கிலாந்தின் மூன்று பாக நாவல் தெளிவான சான்று. 1842-இல் புத்தகங்களை இரவல் கொடுக்கத் தொடங்கிய 'மூடி' (Mudie) என்ற சந்தா நூலகம், அடிப்படைச் சந்தாவுக்கு ஒரு நேரத்தில் ஒரு பாகம் என்று கொடுத்தது. நாவல் மூன்று பாகமாக இருந்தால் ஒரு பிரதியை ஒரே நேரத்தில் மூன்று பேருக்குக் கொடுக்கலாம். புதிய நாவல்களின் விலை தனியாள் வாங்க முடியாத உயரத்தில் இருந்ததால் பதிப்பாளர்களுக்கு நூலகமே பெரிய வாடிக்கையாளர். எழுத்தாளர்கள் மூன்று பாகத்தை நிரப்பக் கிளைக்கதைகளையும் நீண்ட உரையாடல்களையும் சேர்த்தார்கள். 1894-இல் 'மூடி' நூலகமும் மற்றொரு பெரிய நூலகமான டபிள்யூ. எச். ஸ்மித்தும் இந்த விலைக்கு இனி வாங்க மாட்டோம் என்று அறிவித்தன. சில ஆண்டுகளில் அந்த வடிவம் ஏறக்குறைய மறைந்தே போனது. வாசகர்களின் ரசனை அந்தச் சில ஆண்டுகளில் தலைகீழாகிவிடவில்லை. புத்தகம் அவர்களிடம் போய்ச் சேர்ந்த வழி மாறியது.

தொடராக எழுதினால் எழுத்து எப்படி மாறும்?

எழுதி முடிக்காத ஒன்றை வெளியிடத் துணிகிறீர்கள். முதல் அத்தியாயத்தில் ஒருவருக்கு அண்ணன் இருக்கிறான் என்று சொல்லிவிட்டால் இருபதாம் அத்தியாயத்தில் அவன் தொந்தரவாக இருந்தாலும் நீக்க முடியாது. அதனால் தொடர் எழுதுபவருக்குக் குறிப்பேடு வேண்டும்: யார் யாருக்கு என்ன உறவு, எது சொல்லப்பட்டது, எது இன்னும் சொல்லப்படவில்லை. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் பிற்கால நாவல்களில் ஒவ்வொரு மாதப் பகுதிக்கும் இப்படிக் குறிப்புத் தாள்களைத் தயாரித்து வைத்துக்கொண்டார்.

அவரிடமே இன்னொன்றையும் காணலாம். அவருடைய மாத வெளியீடு ஒவ்வொன்றும் பொதுவாக 32 பக்கம். 1854-இல் 'ஹார்ட் டைம்ஸ்' நாவலை வார இதழில் எழுதியபோது, ஒவ்வொரு வாரமும் கிடைத்த இடம் போதாமல் நெரிபடுவதாக நண்பருக்குக் கடிதம் எழுதினார். எழுதுபவர் அவரே, மொழியும் அதே. வாரத் தவணைக்குக் காட்சிகளைச் சுருக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு சிறு துண்டும் தனக்கென ஓர் எழுச்சியோடு முடிய வேண்டியிருந்தது. அவருடைய நாவல்களில் அது மிகச் சிறியவற்றுள் ஒன்று.

வாசகர் தொடரோடு கூடவே நடப்பதால் அவருக்கு ஓர் உரிமை உணர்வு வந்துவிடுகிறது. கல்கி 1950-இல் தொடங்கி வாராவாரம் எழுதிய 'பொன்னியின் செல்வன்' மூன்றரை ஆண்டுகள் போல ஓடியது. முடிந்ததும், இன்னார் பிறகு என்ன ஆனார் என்று கேட்ட வாசகர்களுக்காக அவர் முடிவுரை எழுதிப் பதில் சொன்னார். ஒரே மூச்சில் நூலாக வந்திருந்தால் அந்தக் கேள்விகள் அந்த வேகத்தில் வந்திருக்குமா என்பது சந்தேகம்.

தொடரைப் பின்னால் நூலாக்க நினைப்பவர்களுக்கு ஒரு சொல். வாரம்தோறும் நினைவூட்டுவதற்காக எழுதிய வரிகளை நூலில் வெட்டுங்கள். அடுத்த பக்கத்தைப் புரட்டினால் போதும் என்ற நிலையில் இருப்பவருக்கு அவை சுமை.

காதால் கேட்பவருக்கு எழுதும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

வினைமுற்று கடைசியில் வருவதைத்தான். தமிழ் வாக்கியத்தில் 'உண்டு', 'இல்லை' என்ற தீர்ப்பு இறுதிச் சொல்லில் இருக்கிறது. கண்ணுக்கு இது இடையூறு இல்லை. ஒரு பார்வையில் வரி முழுவதையும் அளந்துவிடும். காது காத்திருக்க வேண்டும்.

இந்த வாக்கியத்தைப் பாருங்கள்: "அடுத்த ஆண்டு முதல் கட்டணம் வசூலிக்கப்படாது என்றும், ஏற்கெனவே செலுத்தியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்படும் என்றும் பரவிவரும் தகவலில் உண்மை இல்லை." இலக்கணப்படி ஒரு குறையும் இல்லை. ஆனால் பாதியில் கவனம் சிதறிய ஒருவர் நேர் எதிரான செய்தியோடு போய்விடுவார். கைபேசி அறிவிப்பில் இதே வாக்கியம் முதல் சில சொற்களோடு துண்டிக்கப்பட்டால், மறுக்க வந்த நாமே வதந்தியைப் பரப்பியவர்கள் ஆவோம்.

வழி எளிது: "கட்டணம் பற்றிப் பரவிவரும் தகவல் தவறு. கட்டணம் தொடரும். செலுத்திய பணமும் திரும்ப வராது." மூன்று சிறு வாக்கியங்கள், எந்த இடத்தில் துண்டித்தாலும் தவறான பொருள் வராது. மறுப்பு, எச்சரிக்கை, விதிவிலக்கு ஆகியவற்றை எழுதும் ஒவ்வொருவரும் தம் வாக்கியங்களை நடுவில் வெட்டிப் பார்க்கும் பழக்கத்தை வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் வலியுறுத்திச் சொல்வேன். உயிர் தொடர்பான செய்திகளில் இதைவிட முக்கியமான எழுத்துநடைப் பயிற்சி எதுவும் இல்லை.

மற்றபடி, ஒலியில் அடைப்புக்குறி கிடையாது. எண்கள் இரண்டுக்கு மேல் அடுத்தடுத்து வந்தால் நிற்காது. யார் சொன்னார் என்பது சொன்ன செய்திக்கு முன்னால் வர வேண்டும்.

எழுத்துத் தமிழா, பேச்சுத் தமிழா?

இங்கேதான் ஊடகம் தமிழில் எழுதுபவரைப் பிற மொழிக்காரர்களைவிடக் கடுமையாகச் சோதிக்கிறது.

ஒலிக்குப் பேச்சு நடை இயல்பாக இருக்கிறது. அதை அப்படியே பக்கத்தில் வைத்தால் வேகம் குறைகிறது. பேச்சு வடிவத்துக்கு ஒரே எழுத்துக்கூட்டல் இல்லை என்பதே காரணம். 'போயிட்டிருக்காங்க', 'போய்ட்டு இருக்காங்க', 'போய்க்கிட்டிருக்காங்க' என்று ஒன்றே பல உருவம் எடுக்கும். கண் ஒவ்வொன்றையும் உச்சரித்துப் பார்த்துத்தான் நகர்கிறது. 'போய்க்கொண்டிருக்கிறார்கள்' நீளமாகத் தெரிந்தாலும் பார்த்துப் பழகிய உருவம். தேடுபவர் எழுத்து வடிவில் சொல்லைத் தட்டினால், பேச்சு வடிவில் எழுதிய பக்கம் அவர் கண்ணில் படாமலே போகலாம். பேச்சு நடை வட்டாரத்துக்கு வட்டாரம் மாறுவதால், ஒருவருக்கு வீட்டுப் பேச்சாக ஒலிப்பது இன்னொருவருக்கு அயலாகவும் ஒலிக்கும்.

என் முடிவு இது: விளக்கமும் வழிகாட்டியும் எளிய எழுத்துத் தமிழில் இருக்கட்டும். உரையாடலும் ஒலியுரையும் பேச்சில் இருக்கட்டும். ஒரே உரை இரண்டுக்கும் போக வேண்டும் என்றால் இரண்டு பிரதி எழுதுங்கள். நடுவழியில் நின்று, பாதி வினைகள் பேச்சிலும் பாதி எழுத்திலுமாகக் கலந்துவிடும் உரை கேட்கவும் நன்றாக இல்லை, படிக்கவும் நன்றாக இல்லை.

குறுஞ்செய்தி, மின்மடல் போன்றவற்றின் அளவுக் கட்டுப்பாடு தமிழுக்கும் அதேதானா?

இல்லை, தமிழுக்கு இன்னும் இறுக்கம். ஒரு குறுஞ்செய்தியின் கொள்ளளவு 140 பைட் (பைட் என்பது கணினித் தரவின் அளவு). ஆங்கில எழுத்தில் 160 குறிகள் வரை அடங்கும். தமிழை, பல மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடு முறையில் அனுப்பும்போது வழக்கமாக 70 தான். அந்த 70-உம் நாம் எண்ணும் எழுத்துகள் இல்லை. 'கொதிக்க' நமக்கு நான்கு எழுத்து. கருவி புள்ளியையும் துணைக்குறிகளையும் தனித்தனியே எண்ணுவதால் அதற்கு ஏழு. நீளமான செய்தி பல துண்டுகளாகப் பிரிந்து போகும்.

ஜிமெயில் சுமார் 102 கிலோபைட்டுக்கு மேற்பட்ட மடலின் மீதியை மறைத்து, முழுதும் பார்க்க ஒரு இணைப்பை மட்டும் காட்டுகிறது. எழுத்துகளைப் பைட்டுகளாகச் சேமிக்கும் பரவலான யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் எடுப்பதால் தமிழ் மின்மடல் அந்த எல்லையை விரைவில் தொடும். எனவே மடலின் கடைசியில் முக்கியமான வேண்டுகோளை வைக்காதீர்கள்.

ஒரே பொருளைப் பல இடங்களுக்கு எழுதும்போது எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது?

குடிநீரைக் கொதிக்க வைப்பதை எடுத்துக்கொள்வோம். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் பரிந்துரை: தண்ணீர் தளதளவென்று கொதித்த பின் ஒரு நிமிடம், சுமார் 2000 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் மூன்று நிமிடம். உயரம் கூடக் கூடக் காற்றழுத்தம் குறைந்து, தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடுவதால் இந்தக் கூடுதல் நேரம். கிருமிகள் அழியும், கரைந்துள்ள உலோகங்களும் வேதிப்பொருள்களும் நீங்காது.

சுவரொட்டிக்கு இதில் எது போகும்? "கொதி வந்தபின் ஒரு நிமிடம்" போதும் என்று தோன்றும். சமவெளிக்கு மட்டும் போகிறது என்றால் சரி. மலைப்பகுதிக்கும் போகிறது என்றால் அந்த மூன்று நிமிடத்தை விடுவது சுருக்கம் ஆகாது, பிழை. ஆலைக் கழிவு கலந்த நீர் உள்ள பகுதி என்றால், எல்லாவற்றுக்கும் மேலே "கொதிக்க வைத்தாலும் குடிக்காதீர்கள்" என்பது வர வேண்டும். சுகாதாரப் பணியாளருக்கான கையேட்டில் காரணமும் வேண்டும், அவரிடம் மக்கள் கேட்பார்கள். ஒலியில் 'ஒரு நிமிடம்' என்பதைத் திரும்பவும் ஒருமுறை சொல்ல வேண்டும்.

இதிலிருந்து எனக்குக் கிடைக்கும் அளவுகோல்: வரிசை, நீளம், நடை, உதாரணம் எல்லாம் மாறலாம். உண்மையும், அந்த வாசகர் அதைக் கடைப்பிடிக்கத் தேவையான நிபந்தனையும் மாறக் கூடாது. எந்த நிபந்தனையை விடலாம் என்பதை இடத்தின் அளவைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், வாசகரின் நிலையைப் பார்த்து முடிவு செய்யுங்கள். இடம் போதவில்லை என்றால் செய்தியைக் குறையுங்கள், நிபந்தனையைக் குறைக்காதீர்கள்.

எந்தப் பிரதியை முதலில் எழுதுவது என்றும் கேட்கிறார்கள். கேள்வி கேட்கக்கூடிய வாசகருக்கான பிரதியை. அதில் எல்லாக் காரணங்களையும் எழுதிப் பார்த்தவருக்குத்தான் சுவரொட்டியில் எதை விடலாம் என்று தெரியும்.

நாம் நினைக்காத வாசகர் கையில் போய்ச் சேர்ந்தால்?

சேரும். செய்தி கைமாறும்போது தேதி, இடம், எழுதியவர் பெயர் எல்லாம் உதிர்ந்துபோய் வெறும் உரை மட்டும் பயணம் செய்கிறது. பக்கத்தின் மேல்மூலையில் இருக்கும் தேதி திரைப்பிடிப்பில் வராது. எனவே காலத்தையும் இடத்தையும் உரைக்குள்ளேயே வையுங்கள். 'இன்று முதல்' என்பதற்குப் பதில் முழுத் தேதி, 'நம் பகுதியில்' என்பதற்குப் பதில் பகுதியின் பெயர்.

பார்வை எண்ணிக்கையைப் பார்த்து எழுத்தை மாற்றலாமா?

எதை எண்ணுகிறார்கள் என்று தெரிந்தால் மட்டும். மின்மடல் 'திறக்கப்பட்டது' என்ற கணக்கு, மடலில் உள்ள மிகச் சிறு படம் ஒன்று இறங்கியதை வைத்துப் போடப்படுவது. 2021-இல் ஆப்பிள் தன் மின்னஞ்சல் செயலியில் படங்களை முன்கூட்டியே இறக்கும் வசதியைக் கொண்டுவந்த பிறகு, திறக்காத மடலும் திறந்ததாகக் கணக்கில் ஏறலாம். ஒரு பக்கத்தில் ஒருவர் நெடுநேரம் இருந்தார் என்றால் ஆழ்ந்து படித்தார் என்றும் பொருள் கொள்ளலாம், தேடியது கிடைக்காமல் தவித்தார் என்றும் கொள்ளலாம்.

எண்களைவிட, வாசகர் எழுதிக் கேட்கும் கேள்விகள் தெளிவாகப் பேசும். ஏற்கெனவே பதில் இருக்கும் கேள்வியை மூன்று பேர் கேட்டால் பதில் தவறான இடத்தில் இருக்கிறது என்று பொருள். அதை மேலே கொண்டுவாருங்கள். தலைப்பை மட்டும் கவர்ச்சியாக்கிக் கூட்டம் சேர்ப்பதை நான் ஏற்கவில்லை. வந்து ஏமாந்தவர் அடுத்த முறை உங்கள் உண்மையான தலைப்பையும் நம்ப மாட்டார்.

வாசகருக்காக வளைந்துகொண்டே போனால் என் குரல் தொலைந்துவிடாதா?

எதைச் சொல்ல வேண்டும் என்ற முடிவை வாசகரிடம் விட்டுவிட்டால் தொலையும். எப்படிச் சொல்வது என்பதில் அவரை மதிப்பதால் தொலையாது. விரும்பத்தகாத முடிவு ஒன்றை, அதை ஏற்க மனமில்லாதவர்களிடம் சொல்ல வேண்டிய கட்டுரையை நினைத்துப் பாருங்கள். அவர்கள் எந்த இடத்தில் மறுப்பார்கள் என்று தெரிந்தவர் அந்த இடத்தில் வலுவான சான்றை வைப்பார். முடிவு மழுங்காது, கூர்மையாகும். முடிவையே மாற்றிவிட்டால் அவர் வாசகரை மதிக்கவில்லை, அஞ்சுகிறார்.

கவிதை, நாட்குறிப்பு, தனக்கென எழுதும் பத்திகள் ஆகியவற்றுக்கு இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான பேச்சு பொருந்தாது. அவற்றுக்கு வாசகர் பிறகு வருவார்.

நடைமுறையில் எழுதத் தொடங்கும் முன் என்ன செய்வது?

தாளின் தலையில் நான்கு வரி எழுதுங்கள்: யார் படிக்கிறார், எந்த வழியாக வருகிறார், நடுவில் நிறுத்தினால் எதை மட்டுமாவது எடுத்துக்கொண்டு போக வேண்டும், படித்த பின் என்ன செய்வார். மூன்றாவது வரியை எழுத முடியாமல் திணறினால் உங்கள் பொருள் இன்னும் உங்களுக்கே பிடிபடவில்லை, தொடங்குவதைத் தள்ளிப்போடுங்கள். எழுதி முடித்ததும் அந்த நான்கு வரிகளை அறியாத ஒருவரிடம் உரையைக் கொடுத்து, இது யாருக்கு எழுதியது என்று கேளுங்கள்.

முடித்த பிறகு வேறு ஓர் இடத்துக்கு அதையே கேட்டால்?

வெட்டி ஒட்டத் தொடங்காதீர்கள். பழைய உரையை மூடி வைத்துவிட்டு நான்கு வரிகளையும் புதிதாக எழுதுங்கள். மூன்றாவது வரி மாறாமல், மற்றவற்றில் இரண்டு வரை மாறினால் திருத்தினால் போதும். மூன்றாவது வரி மாறியிருந்தால் முதல் பத்தியிலிருந்து மறுபடி எழுத வேண்டியதுதான். அதற்கான நாள்களைக் கேட்பவரிடம் அப்போதே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.